பழைய சுவர்களைக் காக்கும் சுண்ணாம்புத் தரை

மண்ணில் இருக்கும் ஈரத்தை அடைத்து வைக்காமல், சிறுகச் சிறுக ஆவியாக வெளியே விடுவது சுண்ணாம்புக் காரைத் தரை. மண், கருங்கல், நாட்டுச் செங்கல், சுண்ணாம்பு ஆகியவற்றால் எழும்பிய பழைய கட்டடங்களுக்குப் பொருந்துவது அதுதான். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இத்தகைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலும் முதலில் கை வைக்கப்படுவது தரையில். சிமென்ட் கலவையைக் கொட்டி, அதன்மேல் டைல்ஸோ பாலிஷ் போட்ட கிரானைட்டோ பதித்துவிடுகிறார்கள். சில மழைக்காலங்கள் போனதும் சுவரின் அடிப்பகுதி உப்புப் பூத்துப் பொரிந்து விழுகிறது. பழைய சுவர் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்கிறார். தரையைப் பற்றி அவருக்குச் சந்தேகமே எழுவதில்லை.

இந்த வட்டாரத்தில் இது அவசரப் பிரச்சினையாக மாறியதற்குக் காரணம் தொழில் வளர்ச்சி. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூர் விரிந்துகொண்டே போகிறது. 2019-ல் அது மாநகராட்சி ஆனது. 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் ஓசூரில் அமையும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்தது. இருசக்கர வாகனம், லாரி, கைக்கடிகாரம் என்றிருந்த ஆலைகளோடு இப்போது கைப்பேசி உதிரிபாகமும் மின்சார ஸ்கூட்டரும் சேர்ந்துவிட்டன. வேலைக்கு வருகிறவர்கள் தங்க வீடு வேண்டும். பெங்களூரு 40 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால் வாடகையும் அந்த நகரத்தைப் பார்த்தே ஏறுகிறது.

அதனால் பழைய வீடுகள் வாடகைக்காக மாற்றப்படுகின்றன. கிருஷ்ணகிரி பழையபேட்டை, காவேரிப்பட்டணம், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளும் மெட்ராஸ் டெரஸ் என்ற சுண்ணாம்புக் கூரை போட்ட வீடுகளும் இன்னும் நிற்கின்றன. ஒரே வீடு இரண்டு, மூன்று போர்ஷன்களாகப் பிரிக்கப்படுகிறது. டைல்ஸ் போட்ட வீடு என்றால் கூடுதல் வாடகை கேட்கலாம். துடைக்கச் சுலபம், பார்க்கப் புதுசு. வீட்டுக்காரரின் கணக்கில் தப்பு இல்லை. அந்தக் கணக்கில் சுவரின் ஆயுள் மட்டும் சேர்க்கப்படவில்லை.

ஈரம் போகும் வழி

பழைய வீட்டின் அஸ்திவாரம் கருங்கல்லை மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ அடுக்கியது. இன்றைய வீடுகளில் உள்ள பெல்ட் கான்கிரீட்டோ, ஈரத்தைத் தடுக்கும் டிபிசி அடுக்கோ அதில் கிடையாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணிலிருக்கும் நீர் கல் இடுக்குச் சாந்தின் நுண்துளைகள் வழியே மேலே ஏறும். இதைத்தான் கொத்தனார்கள் ஓதம் என்கிறார்கள்.

ஓதம் ஏறுவதைப் பழைய கட்டடம் தடுக்கப் பார்த்ததில்லை. ஏறியதை வெளியேற்ற மட்டும் வழி வைத்திருந்தது. சாணம் மெழுகிய மண் தரை, காரைத் தரை, சாந்தில் பதித்த செங்கல் தரை எல்லாமே ஆவியை விடும். அறையின் தரைப் பரப்பு முழுவதும் ஈரம் வெளியேறும் வாயாக இருந்ததால், சுவர் வழியாகப் போக வேண்டிய பங்கு குறைந்தது. கோடையில் இந்தத் தரைகள் காலுக்குக் குளுகுளுவென்று இருப்பதற்கும், ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவது ஒரு காரணம்.

இந்தத் தரையை விட்ரிஃபைட் டைல்ஸால் மூடினால் என்ன ஆகும்? விட்ரிஃபைட் டைல்ஸ் ஏறக்குறைய கண்ணாடிக்குச் சமம். நீரை அது உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். அதன் கீழே சிமென்ட் படுகை. சில இடங்களில் அதற்கும் கீழே பிளாஸ்டிக் தாள். ஈரத்துக்குத் தரை வழி அடைபடுகிறது. எஞ்சியிருப்பது சுவரின் அடி.

நீர் ஆவியாகும், அது கொண்டுவந்த உப்பு ஆவியாகாது. சுவரின் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே, நுண்துளைகளுக்குள் உப்பு படிகமாகிப் பெருக்கும். அந்த அழுத்தத்தில் பூச்சு தோல் உரிவதுபோல் உரிந்து வரும். கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டும். மழைக்காலத்தில் கரைவதும் வெயில் காலத்தில் மறுபடி படிகமாவதும் ஆண்டுதோறும் நடப்பதால், புதிதாகப் பூசிய சுண்ணாம்பும் பெயிண்டும் அடுத்த ஆண்டே உதிர்ந்துவிடும்.

அடுத்து வருவதுதான் பெரிய தவறு. உப்புப் பூத்த அடிப்பகுதியை மறைக்க நான்கடி உயரத்துக்குச் சுவரில் டைல்ஸ் ஒட்டுகிறார்கள், இல்லையென்றால் சிமென்ட் பூசுகிறார்கள். ஆவியாக வழி கிடைக்காத ஈரம், வழி கிடைக்கும் உயரம்வரை ஏறும். இரண்டடியில் இருந்த கறை ஐந்தடிக்குப் போகிறது.

மண் சுவருக்கு இது அழகுப் பிரச்சினை மட்டும் அன்று. நனைந்த மண் தாங்கும் வலிமையை இழக்கும். கூரையின் பாரம் முழுவதும் வந்து இறங்குவது சுவரின் அடியில். அங்கே ஈரம் நின்றுகொண்டே இருந்தால் சுவர் அடியில் உப்பிப் பிதுங்கும். கனமழையில் பழைய வீட்டுச் சுவர் இடிந்து உயிர்ச்சேதம் என்ற செய்தி தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. அவற்றுக்கெல்லாம் தரைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஈரம் ஊறிய அடிச்சுவர் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தச் செய்திகள் காட்டுகின்றன. பூசணம் பிடித்த சுவரும் ஓயாத ஈர வாடையும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கெடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் சுட்டெரிக்கும் ஊர்களில் சுவர் வேகமாகக் காயும். ஓசூரிலும் தளியிலும் அவ்வளவு வேகமாகக் காயாது. கோடை இடிமழை, தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று மே முதல் நவம்பர்வரை விட்டுவிட்டு மழை உண்டு. தரையை அடைத்தால் வரும் கேடு இங்கே கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

தெரு உயர்ந்தால் வீடு தாழும்

ஓதத்துக்குத் தரையை மட்டும் குற்றம் சொல்வதும் சரியாகாது. பழைய தெருக்களில் சாலை போடும்போதெல்லாம் பழைய தாரின்மேலேயே புதுத் தார் கொட்டப்பட்டு, தெரு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. திண்ணைக்கு மூன்று படி ஏறிய வீட்டுக்கு ஒரு படி இறங்க வேண்டிய நிலை. மழைநீர் சுவரோரம் தேங்குகிறது, சில வீடுகளில் உள்ளேயே வருகிறது. வீட்டுக்காரர் தரையை உயர்த்துவதற்கு இது நியாயமான காரணம்.

மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலர் துறைகளுக்கு அறிவுறுத்தினார். சாலை மட்டம் உயரக் கூடாது, வீடுகளுக்குள் நீர் புகக் கூடாது என்பதே அதன் நோக்கம். பழைய கட்டடங்களைக் காக்க வந்த மிகப் பயனுள்ள அரசு உத்தரவுகளில் இதைச் சேர்க்கலாம். மரபுக் கட்டடம் என்ற சொல்லே அதில் தேவைப்படவில்லை. உள்ளாட்சித் தெருக்களில் இது ஒழுங்காக நடந்தாலே பாதித் தரைகளை மாற்ற வேண்டியிருக்காது.

ஆகவே சுண்ணாம்புத் தரை போடுவதற்கு முன்பு பார்க்க வேண்டியவை சில. கூரை நீர் சுவரோரம் விழுகிறதா, சாக்கடை கசிகிறதா, குளியலறைக் குழாய் உடைந்திருக்கிறதா, வெளி மட்டம் உள் மட்டத்தைவிட உயர்ந்திருக்கிறதா? இவற்றைச் சரிசெய்யாமல் போடும் எந்தத் தரையும் தோற்கும்.

ஈரம் தரையிலிருந்துதான் வருகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கனமான பிளாஸ்டிக் தாளை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, பழைய தரைமேல் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விட வேண்டும். காலையில் தாளின் அடியில் நீர் முத்து முத்தாக நின்றாலோ தரை கறுத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஈரம் வருகிறது என்று பொருள். அந்தத் தரையை டைல்ஸால் மூடக் கூடாது.

கிரானைட் ஊரில் கல் தரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தரை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கிரானைட். குவாரிகளும் அறுக்கும் பட்டறைகளும் பாலிஷ் பட்டறைகளும் பக்கத்திலேயே இருப்பதால் வெளியூர்களைவிட விலை குறைவு. கல் இந்த ஊருக்குப் புதிதும் அன்று. வயல் வரப்பில் வேலிக்கு நட்டிருப்பது கற்பலகை. திண்ணை, படி, தூண் எல்லாம் கருங்கல். மல்லசந்திரத்தில் இருக்கும் பெருங்கற்கால மக்களின் கல் திட்டைகள் இதே பாறைப் பலகைகளால் எழுப்பப்பட்டவைதான்.

எனவே கருங்கல்லையே கூடாது என்று ஒதுக்குவது இந்த மண்ணுக்குப் பொருந்தாத அறிவுரை. அதைப் பதிக்கும் முறையில்தான் வேறுபாடு இருக்கிறது. கருங்கல் தானாக ஆவியை விடாது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கு விடும். பழைய முறையில் இரண்டு, மூன்று அங்குலக் கனமுள்ள, கொத்திய பலகைக் கல்லைச் சுண்ணாம்புப் படுகைமேல் வைத்து, அரை அங்குலம்வரை இடுக்கு விட்டு, அதைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பினார்கள். ஈரம் அந்தக் கோடுகள் வழியே போனது. இன்று முக்கால் அங்குலப் பாலிஷ் கல்லைச் சிமென்ட் பாலில் ஒட்டி, இடுக்கே தெரியாமல் நெருக்கி, எபாக்சி கொண்டு அடைக்கிறார்கள். கல் ஒன்றுதான், விளைவு நேர்மாறு.

பழைய வீட்டில் கல் தரைதான் வேண்டும் என்பவர் சிறிய அளவுப் பலகையாக வாங்கலாம். கல் சிறிதானால் இடுக்கு கூடும். பாலிஷ் போடாத, தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய கல் பட்டறைகளில் கிடைக்கிறது. வழுக்காது என்பதால் வயதானவர்களுக்கும் நல்லது. படுகையும் இடுக்கும் சுண்ணாம்பாக இருந்தால் போதும்.

அடுக்கு அடுக்காக

நல்ல சுண்ணாம்புத் தரை கீழிருந்து மேலாக நான்கு அடுக்கு கொண்டது.

முதலில் மண்ணைத் தோண்டி, நிதானமாக நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். தோண்டும்போது சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே போகக் கூடாது. பழைய வீடுகளில் அஸ்திவாரம் ஆழமில்லாமல் இருக்கும். அதன் அடியைப் பறித்தால் சுவரே இறங்கிவிடும். எவ்வளவு ஆழம் என்பதை ஓரத்தில் ஒரு சிறு குழி எடுத்துப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ஆறங்குலம் அளவுக்கு உடைகல். இதில் தூள் கலக்கக் கூடாது. மண்ணின் நுண்துளையில் ஏறும் நீர், கற்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியில் ஏற முடியாமல் நின்றுவிடும். ஆவி மட்டும் மேலே போகும். கிரஷர்கள் நிறைந்த மாவட்டத்தில் 40 மில்லிமீட்டர் ஜல்லிக்குக் குறைவில்லை. தூசி சலித்த ஜல்லியாகக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஈரத் தடுப்பு வேலையில் பாதியை இந்த மலிவான அடுக்கே செய்துவிடுகிறது.

மூன்றாவது, சுண்ணாம்பு கான்கிரீட். நான்கு அங்குலக் கனம். ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டு பங்கு சுர்க்கி, ஐந்து பங்கு செங்கல் ஜல்லி என்பது பழக்கத்திலுள்ள அளவுகளில் ஒன்று. சுர்க்கி என்பது செங்கல் தூள். அதை ஏன் சேர்க்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். சுத்தமான வெள்ளைச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். மேற்பரப்பிலிருந்து உள்ளே போகப் போக அந்த வேலை மெதுவாகிவிடும். நான்கு அங்குலக் கனத்தின் நடுவே காற்று போய்ச் சேர மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில் ஆகும். சுட்ட களிமண் தூளில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு நீரிலேயே சேர்ந்து இறுகும். அதனால்தான் தரைக்கும் தொட்டிக்கும் சுர்க்கி அவசியம்.

இதற்கு மிதமாக வெந்த நாட்டுச் செங்கல் உகந்தது. கறுக்க வெந்த கல்லின் தூள் சுண்ணாம்போடு சேராது, வெறும் மணலாகத்தான் கிடக்கும். இடித்த பழைய வீட்டின் செங்கல் இருந்தால், சிமென்டும் உப்பும் ஒட்டாததாகப் பொறுக்கி அதையே இடித்துக்கொள்ளலாம்.

சுக்கான் கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் இயல்பாகவே களிமண் கலந்திருப்பதால் ஓரளவு நீரிலும் இறுகும். கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 712, சுண்ணாம்பை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அதில் 'சி' வெள்ளைச் சுண்ணாம்பு, 'ஈ' சுக்கான் சுண்ணாம்பு. வெள்ளையடிக்க விற்கும் பொடிப் பாக்கெட்டை வாங்கித் தரைக்குப் போட்டு ஏமாந்தவர்கள், சுண்ணாம்பே உதவாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நாள்பட்ட பொடி காற்றுப்பட்டு ஏற்கனவே பாதி கல்லாகிப்போனது. நல்ல சுட்ட கல் என்றால் நீரில் போட்டவுடன் சீறிக் கொதித்து, உடைந்து, மாவாகும். நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரங்களாவது நீருக்கடியில் ஊறவிட்டால் நீறாத துகள்களும் நீறிவிடும். இல்லையென்றால் அவை தரையில் பிறகு நீறிக் கொப்பளிக்கும்.

சுட்ட சுண்ணாம்பைக் கையாள்வது விளையாட்டில்லை. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆட்களை நீற்ற விடுவது குற்றம். சுண்ணாம்பில் நீரை ஊற்றாமல், நீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

கான்கிரீட்டைக் கொட்டிப் பரப்பியதும் உண்மையான வேலை தொடங்குகிறது. மெட்ராஸ் டெரஸ் போட்ட காலத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மரக்கட்டையால் நாள் முழுக்க அடிப்பார்கள். நடுவே வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். அடிக்க அடிக்க ஜல்லி நெருங்கி, சாந்து மேலே பாலாக வரும். முதல் நாள் கட்டை பதியும். அடுத்தடுத்த நாள் ஓசை மாறும். கட்டை பதியாமல் எகிறித் திரும்பும்போது அடிப்பதை நிறுத்தலாம். கூரைச் சுண்ணாம்பு வேலைக்கான இந்தியத் தர விதியும் இதே அடையாளத்தைத்தான் சொல்கிறது. கொட்டியபோது இருந்த கனத்தில் கால் பங்கு குறைந்துவிடும். இந்த அடி இல்லாத சுண்ணாம்புத் தரை பொருபொருவென்று போய்விடும். ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை என்று இதைக் குறைப்பதே இன்று நடக்கும் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

வெல்லத்தை அள்ளிப் போடுவதும் கூடாது. சர்க்கரை சிறிதளவு இருந்தால் கலவை குறைந்த நீரிலேயே இளகி வேலைக்கு வரும். அளவு மீறினால் இறுகுவதே தாமதமாகும்.

நான்காவது, மேல்பூச்சு. நன்றாக அரைத்த சுண்ணாம்போடு சலித்த மணலும் சுர்க்கியும் சேர்த்து அரை அங்குலம் போட்டு, மணியாசுக் கட்டையால் தேய்த்து, மேலே வெண்ணெய்ச் சுண்ணாம்பைக் கரணையால் இழைத்து, கூழாங்கல்லால் மெருகேற்ற வேண்டும். சிவப்பு வேண்டுமென்றால் காவி சேர்க்கலாம். இந்த எல்லைப் பகுதியிலும் பெங்களூரின் பழைய வீடுகளிலும் பலர் நேசத்தோடு நினைவில் வைத்திருக்கும் சிவப்புத் தரைகளில் பெரும்பாலானவை சிமென்ட் காலத்தவை. அதே நிறமும் மினுப்பும் சுண்ணாம்பிலும் வரும். பிறகு ஒரு வாரம், பத்து நாள் ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். வெயில் நேராக விழுந்தால் தரை வெடிக்கும். மூன்று, நான்கு வாரத்துக்குக் கட்டில், பீரோ எதையும் ஏற்றக் கூடாது.

"கொஞ்சம் சிமென்ட் சேர்த்துக்கலாம், சீக்கிரம் பிடிக்கும்" என்று யோசனை சொல்லாத மேஸ்திரியைக் காண்பது அரிது. இங்கிலாந்தில் 1990-களில் ஸ்மீட்டன் ஆய்வு என்ற பெயரில் இதைச் சோதித்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் சிறிதளவு சிமென்ட் சேர்ப்பது அதன் நீடிப்பைக் குறைக்கிறது என்று தெரியவந்தது. இரண்டின் நல்ல குணமும் இல்லாத கலவைதான் மிஞ்சும். அவசரம் என்றால் சுர்க்கியைக் கூட்டலாம். மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பல் போன்ற தரமான சாம்பலை அளவோடு சேர்க்கலாம்.

எங்கே கூடாது

சுண்ணாம்புத் தரை எல்லா இடத்துக்குமான மருந்து இல்லை. பெல்ட் கான்கிரீட்டும் டிபிசியும் உள்ள புது வீட்டில் டைல்ஸ் போடுவதால் எந்தக் கேடும் வராது. அங்கே சுண்ணாம்புத் தரை விருப்பம் சார்ந்தது.

பழைய வீட்டிலும் குளியலறைக்கும் பாத்திரம் துலக்கும் இடத்துக்கும் இது ஆகாது. அமிலம் பட்டால் சுண்ணாம்பு கரையும். சமையலறையில் புளித்தண்ணீர் சிந்தினாலும் எலுமிச்சைச் சாறு விழுந்தாலும் கறை நிற்கும். அடுப்படிக்குக் கல் தரையே மேல். தரை துடைக்க ஆசிட், பினாயில் வேண்டாம். வெறும் தண்ணீரும் எப்போதாவது சோப்பு நீரும் போதும். தேங்காயெண்ணெய் தடவினால் மினுக்கும், ஆனால் அடிக்கடி தடவினால் துளைகள் அடைந்துவிடும். பளபளப்பு வார்னிஷும் சீலரும் அடித்தால் இத்தனை வேலையும் வீண்.

செலவைப் பொறுத்தவரை பொருள் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. வாடகைக்கு விடும் வீட்டில் ஒரு மாதம் தள்ளிப்போகும். இதற்கு ஈடாகச் சுவரை ஆண்டுதோறும் சுரண்டிப் பூசும் செலவு நிற்கும். ஓட்டு வீட்டையோ டெரஸ் வீட்டையோ அடுத்த தலைமுறைக்கும் வைத்திருக்க நினைப்பவருக்கு இது லாபம். ஐந்து ஆண்டில் இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறவருக்கு இதைப் பரிந்துரைப்பதில் அர்த்தமில்லை.

சுற்றுச்சூழல் கணக்கும் ஒன்று உண்டு. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏழு, எட்டு சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போதும் வாயு வெளியேறத்தான் செய்யும். ஆனால் இறுகும்போது அதில் ஒரு பகுதியைத் தரை திரும்ப இழுத்துக்கொள்கிறது. இதைப் பெரிய சாதனையாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வீடு இடிபடாமல் நிற்பதுதான் இதில் பெரிய மிச்சம்.

அரசு செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டுக்குச் சுண்ணாம்பு வேலை மறந்துபோன கலை ஆகிவிடவில்லை. 2012 ஜனவரியில் தீ விபத்தில் சேதமடைந்த சேப்பாக்கம் கலச மகாலையும் அதையொட்டிய ஹுமாயூன் மகாலையும் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் கொண்டே புதுப்பித்திருக்கிறது. சென்னை ஐஐடியில் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. இந்த அறிவு ஓசூர், கிருஷ்ணகிரி கொத்தனார்களுக்கு வந்துசேர வேண்டும்.

இங்கேயே பயிற்சிக்களம் இருக்கிறது. ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் 1878-ல் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக அரசின் பராமரிப்பில் உள்ளது. 1824-ல் தொடங்கிய மத்திகிரி கால்நடைப் பண்ணையில் ஆங்கிலேயர் காலக் கட்டடங்கள் உண்டு. இவை போன்ற இடங்களில் தரை வேலை வரும்போது, அதை டைல்ஸ் ஒப்பந்தமாக விடாமல், ஓர் அறையையாவது சுண்ணாம்புத் தரையாகப் போட்டு, வட்டாரக் கொத்தனார்களை அதில் கூலியோடு சேர்த்துப் பழக்கலாம். அரசு ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களும் அங்கே வந்து கட்டை பிடித்துப் பார்க்கலாம். புத்தகத்தில் படித்து வரும் வேலை இல்லை இது.

கோயில் திருப்பணியில் தனிக் கவனம் தேவை. பழைய கல் தரைமேல் புதிய கிரானைட் பதிக்கும்போது மட்டம் உயர்ந்து, அடிப்பீடமான அதிட்டானத்தில் உள்ள கல்வெட்டுகள் புதைந்துபோகின்றன. பிராகாரத்து மழைநீர் வெளியே ஓடாமல் சன்னதிப் பக்கம் திரும்புகிறது. ஓசூர் சந்திரசூடேசுவரர் கோயில் உள்பட மாவட்டத்தின் பழைய கோயில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி போதும்: பழைய பலகைக் கல்லை எண் இட்டு எடுத்து, கீழே சுண்ணாம்புப் படுகை போட்டு, அதே கல்லை அதே மட்டத்தில் திரும்பப் பதிக்க வேண்டும். கோயில்களையும் புராதனச் சின்னங்களையும் காப்பது பற்றி 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 75 கட்டளைகள் பிறப்பித்தது. அந்தத் தீர்ப்பின் அக்கறை தரை மட்டத்துக்கும் நீள வேண்டும்.

பொதுப்பணித் துறையின் ஆண்டு விலைப்பட்டியலில் சுண்ணாம்புத் தரைக்கு அடுக்கு வாரியாக, அடிக்கும் கூலியையும் சேர்த்து, தெளிவான விகிதம் தரப்பட வேண்டும். அந்த விகிதம் இல்லாமல் உதவிப் பொறியாளர் மதிப்பீடு போட முடியாது. மதிப்பீடு இல்லாமல் ஒப்பந்தக்காரர் வர மாட்டார். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக் கல் கிடைக்கிறது. கட்டுமானப் பொருள் விற்பவர்கள் சுண்ணாம்பை ஐஎஸ் 712 வகையும் சுட்ட தேதியும் அச்சிட்டு விற்க ஆரம்பித்தால் வாங்குபவரின் பாதிக் குழப்பம் தீரும்.

மாநகராட்சியும் நகராட்சிகளும் பழைய தெருக்களில் சாலை போடும் முன்பு வீட்டு வாசல் மட்டத்தை அளந்து ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தமிழ்நாடு மரபுடைமை ஆணையச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டது. அதன் நோக்கத்துக்கு ஏற்ப, மாவட்டத்தில் நூறு ஆண்டு கடந்த வீடுகள், சத்திரங்கள், பள்ளிக் கட்டடங்கள் எவை என்ற பட்டியலை எடுப்பதைப் பழைய கட்டடங்கள் நெருக்கமாக உள்ள காவேரிப்பட்டணத்திலும் தேன்கனிக்கோட்டையிலும் தொடங்கலாம்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது இதைவிடச் சுலபம். ஏற்கனவே டைல்ஸ் போட்டாகிவிட்டது, சுவர் பொரிகிறது என்றால் முழுத் தரையையும் பெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை. சுவரோரம் ஓரடி அகலத்துக்கு டைல்ஸையும் சிமென்ட் படுகையையும் எடுத்துவிட்டு, தூசி சலித்த ஜல்லியும் சுண்ணாம்பு கான்கிரீட்டும் போட்டு, மேலே நாட்டுச் செங்கல்லோ சிறு கற்பலகையோ சுண்ணாம்புச் சாந்தில் பதிக்கலாம். சுவர் அடியில் ஒட்டிய டைல்ஸையும் சிமென்ட் பூச்சையும் உரித்து, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தபடி காயவிட்ட பிறகு சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். மார்ச்சில் உரித்தால் மே மழைக்கு முன்பே சுவர் ஓரளவு காய்ந்துவிடும். பூச்சு வேலையை அடுத்த வறண்ட பருவத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.